கோட்டைக்குள் ஒரு கடைவீதி

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 15 அன்று டில்லி செங்கோட்டையில் பிரதமர் தேசியக் கொடியை ஏற்றுகிறார். தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானவர்கள் அதைப் பார்க்கிறார்கள். சிவப்புக் கல்லால் கட்டிய உயரமான வாசல் ஒன்று திரையில் தெரியும். அதன் பெயர் லாகூர் வாசல். கொடி பறப்பது அதன் பக்கம்தான்.

அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனால் முதலில் என்ன வரும்? அரண்மனையா? இல்லை. அரசர் அமரும் மண்டபமா? அதுவும் இல்லை. முதலில் வருவது ஒரு கடைவீதி!

ஆம். இரண்டு பக்கமும் வரிசையாகக் கடைகள். தலைக்கு மேலே வளைந்த கூரை. வளையல், கழுத்து மாலை, சால்வை, கைப்பை, மரப் பெட்டி என்று பலவும் அங்கே விற்கிறார்கள். அந்தக் கடைவீதிக்கு வயது 370 ஆண்டுகளுக்கும் மேல்.

நம் நாட்டில் பழைய கோட்டைகளிலும், மண்டபங்களிலும், மதில் சூழ்ந்த நகரங்களிலும் இப்படிப்பட்ட கடைவீதிகள் உண்டு. கைவினைப் பொருள்கள் அங்கே அதிகம் கிடைக்கும். வெளியூர் போகிறவர்கள் அங்கே போய்ப் பார்ப்பார்கள். ஏதாவது வாங்கியும் வருவார்கள். ஆனால் எதைப் பார்ப்பது? எப்படி வாங்குவது? கொடுத்த காசு யாருக்குப் போய்ச் சேருகிறது? இவற்றைத் தெரிந்துகொண்டு போனால் பயணம் வீண்போகாது.

கூரை போட்ட சந்தை

செங்கோட்டையைக் கட்டியவர் முகலாய மன்னர் ஷாஜகான். ஆக்ராவில் தாஜ்மகாலைக் கட்டியவரும் அவரே. அவர் தலைநகரை ஆக்ராவிலிருந்து டில்லிக்கு மாற்ற முடிவு செய்தார். 1639-இல் கோட்டை வேலை தொடங்கியது. 1648-இல் முடிந்தது.

டில்லியில் வெயில் காலத்தில் அனல் வீசும். திறந்த வெளியில் நின்று வியாபாரம் செய்வது கடினம். அதனால் இந்தக் கடைவீதிக்கு மேலே கூரை போட்டார்கள். நம் நாட்டில் அந்தக் காலத்தில் இது அரிதான காட்சி. நடுவில் மட்டும் கூரை இல்லாமல் எட்டு மூலை வடிவில் ஒரு திறப்பு விட்டார்கள். அதன் வழியாக வெளிச்சமும் காற்றும் வரும். மின்விளக்கும் மின்விசிறியும் இல்லாத காலத்து ஏற்பாடு அது.

இதற்குச் சத்தா சவுக் என்று பெயர். கூரை போட்ட கடைவீதி என்பது இதன் பொருள். மீனா பஜார் என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அரண்மனைக்கு வேண்டிய பட்டும் நகையும் இங்கே விற்கப்பட்டன. அரசர் வீட்டுக்குப் பொருள் விற்க வேண்டும் என்றால் வேலைப்பாடு சிறப்பாக இருக்க வேண்டும் அல்லவா? நாட்டின் தேர்ந்த கைவினைஞர்கள் செய்த பொருள்கள் இங்கே வந்தன.

1857-இல் ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்துப் பெரும் போர் நடந்தது. அது அடக்கப்பட்டது. கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷாவை ஆங்கிலேயர் 1858-இல் ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். கோட்டைக்குள் இருந்த பல கட்டடங்களை இடித்தார்கள். அங்கே படைவீரர்கள் தங்கும் விடுதிகளைக் கட்டினார்கள். அரண்மனையின் பெரும் பகுதி போனது. அரசர் போனார். கடைவீதி தப்பியது. 2007-இல் செங்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

வாங்குகிறவர்கள் இப்போது மாறிவிட்டார்கள். அரச குடும்பம் இல்லை. நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே வரும் பொதுமக்கள்தான் வாங்குகிறார்கள். பொருள்களும் மாறிவிட்டன. கையால் செய்த பொருளும் இருக்கிறது. இயந்திரத்தில் செய்த பொருளும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. பார்த்த உடனே இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. பழைய கட்டடத்தில் விற்கிறார்கள் என்பதாலேயே எல்லாம் பழைய கைத்தொழில் பொருள் ஆகிவிடாது. இதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

ஊரே ஒரு கடைவீதி

கோட்டைக்குள் கடைவீதி இருப்பது ஒரு வகை. ஊரைச் சுற்றி மதில் கட்டி, அதற்குள் தெருத்தெருவாகக் கடைகள் வைப்பது இன்னொரு வகை. அதற்கு ராஜஸ்தான் மாநிலத்தின் தலைநகர் ஜெய்ப்பூர் நல்ல எடுத்துக்காட்டு.

1727-இல் இரண்டாம் சவாய் ஜெய்சிங் என்ற மன்னர் இந்த ஊரைக் கட்டினார். முதலில் திட்டம் போட்டு, பிறகு கட்டிய ஊர் இது. தெருக்கள் நேராக இருக்கும். ஒன்றை ஒன்று கட்டம் போட்டது போல வெட்டிச் செல்லும். பெரிய தெருக்களின் இரண்டு பக்கமும் கடைகளை ஒரே சீராகக் கட்டினார்கள். 1876-இல் இங்கிலாந்து இளவரசர் வந்தபோது ஊருக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். அதனால் இளஞ்சிவப்பு நகரம் என்ற பெயர் வந்தது. மதிலுக்குள் இருக்கும் பழைய நகரம் 2019-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஊரைக் கட்டிய மன்னர் கைவினைஞர்களையும் வணிகர்களையும் அழைத்துக் குடியமர்த்தினார். தொழில் வாரியாக அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். நம் ஊர்களிலும் கன்னார் தெரு, குயவர் தெரு, செட்டித் தெரு என்று இருந்தன அல்லவா? அதுபோலத்தான். ஜோஹ்ரி பஜார் என்றால் நகை வணிகர் கடைவீதி. மணிஹாரோங் கா ராஸ்தா என்றால் வளையல் செய்கிறவர்கள் தெரு. சலவைக்கல்லில் சிலை செதுக்குகிறவர்களுக்கு ஒரு தெரு. தெருவின் பெயரைப் படித்தாலே என்ன தொழில் என்று தெரிந்துவிடும்.

இங்கே கடைக்கு முன்னால் பொருள் இருக்கும். பல இடங்களில் கடைக்குப் பின்னாலோ, அடுத்த சந்திலோ அந்தப் பொருளைச் செய்கிறவர்கள் இருப்பார்கள். விற்கும் இடமும் செய்யும் இடமும் அருகருகே இருப்பது பழைய கடைவீதிகளின் தனிச்சிறப்பு. வாங்கப் போகிறவர் செய்முறையையும் பார்க்கலாம். பார்த்தால் விலை ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும்.

ஒரு போர்வைக்கு 450 குத்து

ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் சாங்கானேர் என்ற ஊர் உள்ளது. அங்கே துணியில் கையால் அச்சிடுகிறார்கள். மரக்கட்டையில் பூவும் கொடியும் செதுக்குவார்கள். அந்த அச்சுக்கட்டையைச் சாயத்தில் தொட்டுத் துணியில் வைப்பார்கள். உள்ளங்கையால் அதன் முதுகில் ஒரு குத்து குத்துவார்கள். கட்டையை எடுத்தால் பூ விழுந்திருக்கும். பிறகு அடுத்த இடம். அடுத்த குத்து.

இதில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு படுக்கை விரிப்பு ஏழரை அடி நீளம், ஐந்து அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்கட்டை அரை அடிக்கு அரை அடி. நீளவாக்கில் 15 தடவை அச்சிட வேண்டும். அகலவாக்கில் 10 தடவை. 15-ஐ 10-ஆல் பெருக்கினால் 150. அதாவது விரிப்பு முழுவதும் நிரம்ப 150 குத்து வேண்டும்.

இது ஒரு நிறத்துக்கு மட்டும். பூவுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, ஓரக்கோட்டுக்குக் கறுப்பு என்று மூன்று நிறம் இருந்தால்? ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை. 150-ஐ 3-ஆல் பெருக்கினால் 450 குத்து. ஒவ்வொரு குத்தும் சரியான இடத்தில் விழ வேண்டும். ஒரு நூல் அளவு தள்ளிப்போனால் சிவப்புப் பூ ஒரு பக்கமும் கறுப்புக் கோடு ஒரு பக்கமுமாக நிற்கும். இவை போக, துணியை அலசுவது, காயவைப்பது, சாயம் கலக்குவது எல்லாம் தனி வேலை.

இயந்திரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதே பூவை அது மளமளவென்று அச்சிட்டுத் தள்ளும். விலையும் குறைவு. அதை வாங்குவது தவறு இல்லை. ஆனால் இயந்திரத் துணியைக் கையால் அச்சிட்டது என்று சொல்லி விற்றால், இரண்டு பேர் ஏமாறுகிறார்கள். ஒருவர் அதை வாங்குகிறவர். இன்னொருவர் 450 குத்து குத்தியவர். அவருடைய விரிப்பு விலை போகாமல் அலமாரியிலேயே கிடக்கும்.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. துணியை விரித்து நிதானமாகப் பார்க்க வேண்டும். கையால் அச்சிட்டதில் ஒரு பூவைப் போல இன்னொரு பூ அச்சு அசலாக இருக்காது. ஓர் இடத்தில் சாயம் சற்று அழுத்தமாகவும், ஓர் இடத்தில் சற்று மங்கலாகவும் இருக்கும். ஒரு கட்டையும் அடுத்த கட்டையும் சேரும் இடத்தில் மெல்லிய தடம் தெரியும். எல்லாப் பூவும் ஒரே வார்ப்பாக இருந்தால் அது பெரும்பாலும் இயந்திரத்தின் வேலை.

அரக்கு வளையல்

பாரதக் கதை கேட்டவர்களுக்கு அரக்கு மாளிகை தெரியும். பாண்டவர்களை எரிப்பதற்காகக் கட்டிய வீடு அது. அரக்கு எளிதில் இளகும், எளிதில் தீப்பிடிக்கும். அஞ்சல் நிலையத்தில் பொட்டலத்தை ஒட்டி முத்திரை வைத்ததும் இந்த அரக்கினால்தான்.

அரக்கைத் தருவது ஒரு சிறு பூச்சி. பலாச மரம், இலந்தை மரம் போன்றவற்றின் கிளைகளில் அது கூட்டமாக ஒட்டி வாழும். அதன் உடலிலிருந்து பிசின் சுரக்கும். அந்தப் பிசின் கிளையைச் சுற்றிக் கெட்டியாகப் படியும். அதைச் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்தால் அரக்கு கிடைக்கும். நம் நாட்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் அரக்கு மிகுதியாகக் கிடைக்கிறது. காட்டை ஒட்டி வாழும் பழங்குடி மக்களுக்கு அது ஒரு வருமானம்.

ஜெய்ப்பூரின் வளையல் தெருவில் இந்த அரக்கு வளையல் ஆகிறது. கரி அடுப்பின் சூட்டில் அரக்கை இளக்குகிறார்கள். நிறம் சேர்க்கிறார்கள். பலகையில் உருட்டி நீளமான இழையாக்குகிறார்கள். அதை வெட்டி வளைத்து, இரண்டு முனையையும் ஒட்டுகிறார்கள். பிறகு உருண்டையான மரத்தில் மாட்டி அளவைச் சரிசெய்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். கை கொஞ்சம் தாமதித்தால் அரக்கு இறுகிவிடும். விரல் கொஞ்சம் தவறினால் சுட்டுவிடும். வளையல் கைக்குச் சேராவிட்டால் கவலை இல்லை. மறுபடியும் சூடு காட்டி அளவை மாற்றிக் கொடுப்பார்கள்.

இதே தொழில் ஐதராபாத்திலும் சிறப்பாக நடக்கிறது. அங்கே 1591-இல் கட்டிய சார்மினார் என்ற நான்கு கோபுரக் கட்டடம் இருக்கிறது. அதன் மேற்குப் பக்கத்தில் தொடங்கும் தெருவுக்கு லாட் பஜார் என்று பெயர். அது வளையல் கடைகளுக்குப் பேர்போனது. அங்கே அரக்கு வளையலின் மேல் பளபளக்கும் சிறு கற்களை ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். ஐதராபாத் அரக்கு வளையலுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது என்ன குறியீடு என்பது பின்னால் வருகிறது.

மண்டபமா, பிழைப்பா?

பழைய கட்டடத்தில் கடை நடப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. மதுரையில் நடந்ததைப் பார்த்தால் அது விளங்கும்.

மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம் இருக்கிறது. பெயர்தான் புது மண்டபம். வயது ஏறக்குறைய 400 ஆண்டு. வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது. தூண் தோறும் சிற்பங்கள். நாயக்க மன்னர்களின் சிலைகளும் அங்கே உண்டு.

நெடுங்காலமாக அந்த மண்டபத்துக்குள் கடைகள் இருந்தன. தையல்காரர்கள் தூண்களுக்கு நடுவே இயந்திரம் போட்டுத் தைத்தார்கள். பித்தளைப் பாத்திரம், வளையல், புத்தகம், சாமிக்கு உடுத்தும் துணி எல்லாம் அங்கே கிடைத்தன. திருமண வீட்டுக்காரர்களும் கிராமத்து மக்களும் தேடி வந்தார்கள். பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு போட்டது.

ஆனால் சிற்பங்கள் துணிமூட்டைக்குப் பின்னால் மறைந்தன. தூணில் கயிறு கட்டினார்கள். பலகை முட்டுக் கொடுத்தார்கள். மின்கம்பி இழுத்தார்கள். கூட்டமும் நெரிசலும் மிகுந்தன. தீப்பிடித்தால் என்ன ஆகும் என்ற அச்சமும் இருந்தது. கடைசியில் 2020-களின் தொடக்கத்தில் கடைகளை அருகில் உள்ள குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றினார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம்? மண்டபத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது நியாயம். போன சிற்பம் திரும்ப வராது. கடைக்காரரின் பிழைப்பும் நியாயம். தலைமுறையாக ஓர் இடத்தில் இருந்த கடையை மாற்றினால், தேடி வந்த வாடிக்கையாளர் எங்கே போனது என்று தெரியாமல் திரும்பிவிடலாம். ஆகவே கடையை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடாது. புதிய இடத்துக்கு மக்கள் வர வேண்டும். அப்போதுதான் இரண்டும் பிழைக்கும். மதுரைக்குப் போகிறவர்கள் மண்டபத்தையும் பார்க்கலாம். கடைகளையும் விசாரித்துத் தேடிப் போகலாம்.

கட்டடத்தைக் காப்பது எப்படி?

பழைய கட்டடங்கள் பலவற்றில் சுண்ணாம்புச் சாந்து பூசியிருப்பார்கள். அது சிமெண்டு போன்றது அல்ல. அதில் ஆணி அடித்தால் சாந்து பெயரும். பெயர்ந்த இடத்தில் மழைநீர் இறங்கும். நீர் இறங்கினால் சுவர் ஊறும். சில ஆண்டுகளில் ஒரு சிறு துளை பெரிய விரிசல் ஆகிவிடும்.

கல் தூணும் அப்படித்தான். எண்ணெய்க் கையால் எல்லோரும் தொட்டுத் தொட்டுக் கறுத்துப்போன சிற்பங்கள் பல. வெற்றிலை எச்சில் பட்ட மூலைகள் பல. சுவரில் பெயர் கீறுகிறவர்களும் இருக்கிறார்கள். எழுதக் கற்றது அதற்கு அல்ல.

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 3,600-க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் உள்ளன. 1958-ஆம் ஆண்டின் சட்டம் அவற்றைக் காக்கிறது. 2010-இல் அந்தச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

பேரம் பேசலாமா?

கடைவீதி என்றால் பேரம் இருக்கும். பேரம் பேசுவது தவறு இல்லை. சில கடைகளில் வெளியூர்க்காரர் என்று தெரிந்தால் விலையை ஏற்றிச் சொல்வார்கள். ஆகவே இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்ட பிறகு வாங்குவது நல்லது. ஆட்டோ ஓட்டுநரோ வழிகாட்டியோ ஒரு குறிப்பிட்ட கடைக்கே அழைத்துப் போக வற்புறுத்தினால் கவனம் தேவை. அவருக்கு அந்தக் கடையில் தரகு கிடைக்கலாம். அந்தத் தரகும் பொருளின் விலையில்தான் ஏறும்.

ஆனால் ஒரு பொருளைச் செய்தவரே தெருவோரம் உட்கார்ந்து விற்கும்போது, அவரிடம் அடித்துப் பேசிக் குறைப்பது வேறு. மூலப்பொருளின் விலை குறையாது. கரியின் விலை குறையாது. நீங்கள் குறைக்கும் பத்து ரூபாயும் அவருடைய கூலியில்தான் குறையும். கைத்தொழிலில் கூலி கட்டுபடி ஆகாவிட்டால் அடுத்த தலைமுறை அந்தத் தொழிலுக்கு வராது. பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போவார்கள். நூல்களில் எழுதி வைக்காத தொழில் நுணுக்கம் பெரியவர்களின் கையோடு போய்விடும். கட்டடம் விழுந்தால் எல்லோருக்கும் தெரிகிறது. ஒரு தொழில் அழிவது வெளியே தெரிவதில்லை.

படித்துப் பார்த்து வாங்குங்கள்

எழுத்துத் தெரிந்தவர்களுக்கு இங்கே பெரிய வசதி உண்டு. பொருளின் மேல் இருக்கும் சீட்டைப் படிக்கலாம். சில முத்திரைகளை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கைத்தறி முத்திரை: இது 2006-இல் வந்தது. துணி கைத்தறியில் நெய்தது என்பதை இது காட்டும். விசைத்தறித் துணியில் இது இருக்கக் கூடாது.

பட்டு முத்திரை: இது தூய பட்டுக்கு உரியது. பட்டா என்ற ஐயம் இருந்தால் வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். துணியின் ஓரத்தில் தொங்கும் ஒற்றை நூலை மட்டும் எடுத்துக் கொளுத்துங்கள். தூய பட்டு என்றால் தலைமுடி பொசுங்கும் நாற்றம் வரும். சாம்பலைத் தொட்டால் பொடியாகும். செயற்கை நூல் என்றால் உருகிக் கெட்டியான மணி போல ஆகும்.

புவிசார் குறியீடு: ஒரு பொருள் ஓர் ஊருக்கோ வட்டாரத்துக்கோ உரியது, அதன் தரமும் பெயரும் அந்த மண்ணைச் சார்ந்தது என்று அரசு பதிவு செய்வதே புவிசார் குறியீடு. இதற்கான சட்டம் 1999-இல் இயற்றப்பட்டது. 2003-இல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு, தஞ்சாவூர் ஓவியம், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஆகியவை இந்தக் குறியீடு பெற்றவை. சாங்கானேர் கை அச்சுத் துணியும், ஜெய்ப்பூர் நீலப் பீங்கானும் அப்படியே. பதிவு பெற்ற பெயரை வேறு ஊரில் செய்த பொருளுக்கு வைத்து விற்பது சட்டப்படி குற்றம்.

இவை தவிர, ரசீது கேட்டு வாங்க வேண்டும். கைத்தறி, தூய பட்டு, கை அச்சு என்று கடைக்காரர் வாயால் சொன்னதை ரசீதிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையான பொருளை விற்கிறவர் எழுதித் தரத் தயங்கமாட்டார். அலைபேசி வழியாகப் பணம் கொடுத்தால், தொகையையும் பெயரையும் ஒரு முறை படித்துப் பார்த்த பிறகு அனுப்புங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அந்த அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

போகும் முன் தெரிந்துகொள்ள

செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஜெய்ப்பூரின் பழைய கடைவீதிகளில் பல கடைகளை ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. காலையில் போனால் கூட்டம் குறைவாக இருக்கும். கடைக்காரரும் பொறுமையாகப் பேசுவார்.

தொழில் செய்கிறவரைப் பார்த்தால், பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று முதலில் கேளுங்கள். படம் எடுப்பதாக இருந்தாலும் கேட்டுவிட்டு எடுங்கள். சூடான அரக்கைக் கையில் வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. மொழி தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். செய்கிற கையைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

ஜெய்ப்பூர் நீலப் பீங்கானை வாங்கினால் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும். அதைக் களிமண்ணால் செய்வதில்லை. வெள்ளைக் கல்லின் பொடி, கண்ணாடித் தூள், முல்தானி மண், பிசின் ஆகியவற்றைக் கலந்து செய்கிறார்கள். ஒரே ஒரு தடவைதான் சூளையில் வைப்பார்கள். அழகான பொருள், ஆனால் எளிதில் உடையும். அரக்கு வளையலை அடுப்புப் பக்கத்திலும் கடும் வெயிலிலும் வைக்கக் கூடாது. இளகிவிடும்.

எல்லோராலும் டில்லிக்கும் ஜெய்ப்பூருக்கும் போக முடியாது. போக முடியாவிட்டாலும் குறை இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கைத்தொழில் இருக்கும். ஒரு பழைய சத்திரமோ, மண்டபமோ, கோயில் வீதியோ இருக்கும். பாய் முடைகிறவர், மண்பாண்டம் செய்கிறவர், பித்தளை வார்க்கிறவர் அங்கே கடை போட்டிருப்பார். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது சற்று நின்று பாருங்கள். எப்படிச் செய்கிறீர்கள், எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். தேவையான பொருள் இருந்தால் அவரிடமே வாங்குங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. செங்கோட்டைக் கடைவீதிக்கு ஏன் கூரை போட்டார்கள்? நடுவில் ஏன் திறப்பு விட்டார்கள்?

2. படுக்கை விரிப்பில் நான்கு நிறம் இருந்தால் எத்தனை குத்து வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

3. புது மண்டபத்துக் கடைகளை மாற்றியது பற்றி உங்கள் கருத்து என்ன? உங்கள் படிப்பு மையத்தில் கூடிப் பேசுங்கள்.

4. உங்கள் ஊரில் உள்ள கைத்தொழில்கள் எவை? அவற்றைச் செய்கிறவர்களின் பிள்ளைகள் இப்போது என்ன வேலை செய்கிறார்கள்? விசாரித்து எழுதுங்கள்.